ரப்பர் டோடோ: வகுப்புக்கு ஐந்து நட்சத்திரம், பெட்டிக்கு இரண்டு

மொரிஷியஸில் ஸ்டாம்ப் என்று சொன்னால் 1847ல் இங்கே அச்சடித்த ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தபால்தலைகள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நம்மூரில் ரப்பர் ஸ்டாம்ப் என்றால், கெசட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதன் கீழே ஓங்கிக் குத்துவாரே, அது. நான் எழுத வந்தது இரண்டைப் பற்றியும் இல்லை. பூ, பறவை, வீடு என்று படம் உள்ள ரப்பர் ஸ்டாம்பை வைத்து ஒரே படத்தை ஆறேழு தாளில் அச்செடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வண்ணம் தீட்டி, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு பகுதியை வெட்டி எடுத்து, நடுவில் இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் தட்டையாக இருந்த படம் புடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும், அந்த வேலை. இதைப் பேப்பர் டோல் என்கிறார்கள். டோல் என்றால் பிரெஞ்சில் தகரம். இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் கூரைத் தகரத்துக்கும் அதே பெயர், அதனால் என் மகள் வகுப்பின் பெயரைக் கேட்டதுமே "பேப்பர்ல கூரை போடப் போறோமாப்பா?" என்றாள்.

வகுப்பு க்யூர்பிப்பில், ஒரு கைவினைப் பொருள் கடையின் மாடியில். மூன்று சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 2,700 ரூபாய். இது போக ஆரம்பப் பெட்டி என்று ஒன்று 1,850 ரூபாய். வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பணம் கட்டும்போது அதையும் சேர்த்தேதான் பில் போடுவார்கள். எல்லாம் மொரிஷியஸ் ரூபாய், நம்மூர்ப் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. தீவின் நீளமே 65 கிலோமீட்டர்தான், யாரைக் குறை சொன்னாலும் அவர் நமக்குத் தெரிந்த யாருக்காவது சித்தப்பாவாக இருப்பார். க்யூர்பிப் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கிக் குடையோடு நடக்கிற தூரம், அவ்வளவு போதும். குடையைச் சும்மா சொல்லவில்லை. நாங்கள் இருக்கும் காத்ர் போர்னில் வெயில் அடித்தாலும் அங்கே தூறிக்கொண்டுதான் இருக்கும்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டால் மேலே படிக்க வசதியாக இருக்கும். நான் எபெனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஆனால் பிறந்தது சிவகாசி. அப்பா முப்பது வருஷம் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். காலண்டர் சீசனில் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் வேஸ்ட் ஷீட்டில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுவோம். கலர் செட் ஆகிற வரைக்கும் ஓடும் தாள்கள் அவை. ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவது, விலகி முருகனுக்கு இரண்டு மூக்கு இருக்கும், மயிலின் நீலம் மயிலை விட்டுத் தள்ளி நிற்கும். ஒரே படம் நூறு பிரதி எங்கள் பரணில் கிடந்தது. அதை வெட்டி அடுக்கினால் இப்படி ஒரு பொருள் வரும் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. அம்மா மட்டும் முருகனுக்கு ஜிகினா ஒட்டி, முத்து வைத்து, வேட்டிக்குப் பட்டுத் துணி தைத்துக் கண்ணாடி போட்டு மாட்டினார். அது ஒரு அடுக்குதான், இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆக, மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து செல்போன் பார்க்கப் போனவன், தாளைத் தடவிப் பார்த்த பழக்கதோஷத்தில் நானும் பணம் கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லித் தருகிறவரை எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுகிறார்கள், அறுபது தாண்டிய அம்மாவும் கூப்பிடுகிறார், நானும் கூப்பிட்டேன். ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் வம்சாவளி. கோவிலில் தேவாரம் மனப்பாடமாகப் பாடுவாராம், பேச்சு முழுக்கக் கிரியோல். என் கிரியோல் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும், அதனால் மகள் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. யாராவது தப்பாக வெட்டிவிட்டால் மிஸ் "அய்யோ!" என்பார். இந்தத் தீவில் சீன வம்சாவளிக்காரர்கூட அய்யோ என்றுதான் சொல்கிறார், கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

முதல் சனிக்கிழமை முழுக்க அச்செடுப்பது மட்டும்தான். இதில் என்ன இருக்கிறது, குத்தினால் விழப்போகிறது என்று நினைத்தேன். புது ரப்பர் ஸ்டாம்ப் மையைச் சரியாகப் பிடிக்காது, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் முகத்தை லேசாகத் தேய்த்த பிறகுதான் பிடிக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பெரிய ஸ்டாம்பை மைப்பெட்டியில் அழுத்தக் கூடாது. ஸ்டாம்பை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு மைப்பெட்டியைக் கையில் எடுத்து அதன் மேல் தட்டித் தட்டி மை ஏற்ற வேண்டும், அப்போதுதான் பள்ளத்தில் மை இறங்காது. தாளுக்கு அடியில் பழைய மௌஸ் பேட் ஒன்றை வைத்துக்கொண்டால் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். ஸ்டாம்பை நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் கோடு இரட்டையாகிவிடும். அப்பா இதைத்தான் டபுளிங் என்று சொல்லிச் சொல்லி மெஷினை நிறுத்துவார், எனக்கு அந்தக் குரல் காதில் விழுந்தது.

அச்சிட்ட படத்தாள் வாங்கினால் இந்தக் கஷ்டம் இல்லையே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அதில் அஞ்சாறு பிரதி எண்ணி வைத்திருப்பார்கள், ஒன்றைக் கெடுத்தால் முடிந்தது. ஸ்டாம்ப் கையில் இருந்தால் வேண்டுகிற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம், வண்ணமும் நம் இஷ்டம், ஒரே பறவையைக் காலையில் ஒரு நிறத்திலும் மாலையில் இன்னொரு நிறத்திலும் செய்யலாம். ஆனால் எல்லாப் பிரதியும் ஒன்று போல இருக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது. ஒன்றில் கோடு தடித்து, ஒன்றில் மெலிந்து வந்தால், அடுக்கி முடித்த பிறகு இரண்டு தனித்தனிப் படத்தைச் சேர்த்து ஒட்டியது போலத் தெரியும். மிஸ் எங்களைப் பழைய தாளில் இருபது தடவை குத்த வைத்துவிட்டுத்தான் நல்ல தாளைக் கையில் கொடுத்தார். அவசரப்பட்டால் "தூஸ்மா, தூஸ்மா" என்பார், மெதுவா மெதுவா என்று அர்த்தம்.

எங்கள் ஸ்டாம்ப் டோடோ. வேறு என்ன இருக்கும் இந்த ஊரில். பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன ஒரு பறவை டீஷர்ட்டிலும் சாவிக்கொத்திலும் இவ்வளவு பெருகியிருப்பது இங்கே மட்டும்தான். நல்ல சிவப்பு ரப்பர், பின்னால் ஃபோம் ஒட்டியது, அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொண்டு அச்செடுத்துவிட்டுப் பிரித்து வைத்துவிடலாம். இறகுக் கோடுகள் எல்லாம் அவ்வளவு துல்லியம். பெட்டியிலேயே உருப்படியான பொருள் இது ஒன்றுதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபத்தில் இதை மறந்துவிடுவேன்.

அடுத்து எந்தத் தாளில் எதை வெட்டுவது என்ற கணக்கு. எனக்கு இந்த வகுப்பே இதற்காகத்தான் பிடித்தது. மிஸ் ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்து, கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்து, உனக்குத் தூரத்தில் இருப்பதற்கு ஒன்று என்றும் கிட்டத்தில் வர வர இரண்டு, மூன்று என்றும் எண் போடு என்றார். அடித்தாள் முழுப் படம், அதில் கத்தியே படாது. இரண்டாவதில் வானம் போய்விடும், புதரும் பறவையும் இருக்கும். மூன்றாவதில் பறவை மட்டும். நான்காவதில் அந்தப் பக்கத்துக் காலும் வாலும் கழியும். ஐந்தாவதில் நம் பக்கத்து இறக்கையும் தலையும். ஆறாவதில் மேல் அலகும் கண்ணைச் சுற்றிய தோலும். கேட்க எளிதுதான், ஆனால் கால் இரண்டில் எது முன்னால் இருக்கிறது என்பதில் எனக்கும் மகளுக்கும் பெரிய சண்டை வந்துவிட்டது. ஸ்டாம்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு டோடோ எலும்புக்கூடு இருக்கிறது. மற்ற நாட்டு அருங்காட்சியகங்களில் இருப்பதெல்லாம் பல பறவைகளின் எலும்பைச் சேர்த்துக் கட்டியவை, ஒரே பறவையின் எலும்பாக முழுசாகக் கிடைத்தது இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தேடி எடுத்தவர் எட்டியேன் திரியூ, தொழில் முடி வெட்டுவது, லீவு நாளில் மலைக்குகைகளில் எலும்பு தேடுவாராம். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இப்படி ஒரு பொறுமை இருந்திருக்கிறது என்று மகளிடம் சொன்னேன், அவள் கண்டுகொள்ளாமல் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று வரைந்துகொண்டிருந்தாள். அவள் சொன்னதுதான் சரி. அலகுதான் உடம்பிலேயே முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தக் கொக்கி வளைவைத் தட்டையாக விட்டால் டோடோ வாத்தாகிவிடும் என்பதையும் அங்கேதான் பார்த்தோம்.

இனிப் பெட்டி.

இரண்டாம் வகுப்புக்குள் வீட்டில் வண்ணம் தீட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பெட்டியில் கறுப்பு மைப்பெட்டி ஒன்று, தண்ணீர் தொட்டால் கரையும் வாட்டர்கலர் பென்சில் எட்டு, ஒரு தூரிகை, ஒரு விளக்கத் தாள். பென்சிலால் தீட்டிவிட்டு ஈரத் தூரிகையால் இழுக்கவும் என்று விளக்கத் தாளே சொல்கிறது. இழுத்தேன். கறுப்பு மையும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தது. பறவை முழுக்கப் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். அந்த மை சாதாரண டை மை, அதாவது சாய மை, தாளில் ஊறிச் சீக்கிரம் காயும், ஆனால் தண்ணீர் பட்டால் மறுபடியும் கிளம்பும். இந்தப் பென்சிலுக்கு நீரில் கரையாத மை வேண்டும், அல்லது இந்த மைக்கு உலர்ந்த கலர் பென்சில் வேண்டும். இரண்டில் ஒன்றை வைத்திருந்தால் போதும். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு, அதை எப்படிக் கெடுப்பது என்று விளக்கமும் எழுதி வைத்தவர் ஒரு நாளாவது இதைச் செய்து பார்த்திருப்பாரா என்பதே என் கேள்வி. நீங்கள் எந்த மை வாங்கினாலும் ஓரத் தாளில் ஒரு கோடு குத்தி, அஞ்சு நிமிஷம் கழித்து ஈர விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் தாள். இதில் என்னை ஏமாற்ற முடியாது. பெட்டியில் இருந்தது ஒரு பக்கம் பளபளப்புப் பூசிய போர்டு, கையில் பிடித்தால் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பிஸ்கட் டப்பா செய்ய நல்ல சரக்கு. பூச்சு மேல் மை காயாமல் விரல் பட்ட இடமெல்லாம் இழுபடும். இறக்கையை வளைக்கப் போனால் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும். இந்த வேலைக்குப் பூச்சில்லாத, 160லிருந்து 200 ஜி.எஸ்.எம். வரைக்கும் உள்ள வழவழப்பான தாள் போதும், வெட்டவும் வரும், வளைக்கவும் வரும், வளைத்தால் நிற்கவும் செய்யும். இன்னொரு விஷயம் மிஸ்ஸே சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தாளுக்கு ஓட்டம் உண்டு. கையில் வைத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், இன்னொரு பக்கம் முறைக்கும். இறக்கையின் வளைவு சுலபமான பக்கத்தில் வருகிற மாதிரி அச்செடுத்தால் தாள் நாம் சொன்னபடி கேட்கும். இதை வகுப்பில் சொன்னபோது மிஸ் நான்கு தாளை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அறுபதுக்கு மேல் ஒரு டீச்சர் மாணவன் சொன்னதை எழுதிக்கொள்கிறார் என்றால், ஐந்தாவது நட்சத்திரம் அதற்குத்தான்.

அதோடு தாள் எண்ணி ஆறுதான் இருந்தது. அடுக்கு ஆறு, தாளும் ஆறு. ஒரு தப்புக்குக்கூட இடம் இல்லை. நான் முதல் நாளே இரண்டைக் கெடுத்தேன், மகள் ஒன்று. கீழே போய்க் கேட்டால் கூடுதல் தாள் பத்து 180 ரூபாய். இது வியாபார தந்திரமா, யோசிக்காமல் செய்ததா என்று தெரியாது, இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

மிஸ்ஸிடம் கெட்டுப்போன டோடோவைக் காட்டினோம். முகத்தில் ஆச்சரியமே இல்லை, நாங்கள் முதல் ஆள் இல்லை போலிருக்கிறது. பெட்டி கடை முதலாளி போட்டது, என் கையில் இல்லை என்று மகள் மூலமாகச் சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து நீரில் கரையாத நிறமி மையை எடுத்துக் கொடுத்தார். தாளும் அவருடையது. அதைப் பழைய பிஸ்கட் டின்னில், செருப்புப் பெட்டிகளில் வருமே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அதைச் சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறார். க்யூர்பிப் ஈரத்தில் தாளை வெளியே வைத்தால் காலையில் அப்பளம் மாதிரி வளைந்துவிடுமாம். அவர் கொடுத்த எதற்கும் காசு வாங்கவில்லை.

வெட்டுகிற வகுப்பு எனக்குத் தவம். கூர்முனைக் கத்தரிக்கோலை அசைக்கக் கூடாது, அதை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு தாளைத்தான் திருப்ப வேண்டும். கட்டரால் வெட்டினால் பிளேடைக் கொஞ்சம் சாய்த்து, அடிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி வெட்ட வேண்டும், அப்போது தாளின் வெள்ளை விளிம்பு முன்னாலிருந்து தெரியாது. அப்படியும் தெரிகிற விளிம்பை அந்தந்த இடத்து நிறத்தில் மார்க்கரால் ஓட்டிவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தீர்களா இல்லையா என்பதில் பொருளின் தரமே மாறிவிடுகிறது. விளிம்பு வெள்ளையாக விட்டதும் நிறம் ஓட்டியதுமாக இரண்டு டோடோக்களை மிஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், ஒன்று பள்ளிக்கூட புராஜெக்ட், ஒன்று கண்ணாடிக்குள் வைக்க வேண்டிய சாமான். மேலே வரும் தாள் மூடப்போகிற இடத்தில் கோட்டை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் பார்க்கும்போது ஓட்டை தெரியும்.

எங்கள் மேஜையில் எழுபது வயது அம்மா ஒருவர், கை நடுங்குகிறது, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அவருக்கு மிஸ் மேரி டிலேனி என்ற ஆங்கிலப் பெண்மணியின் கதையைச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர், 72 வயதில்தான் கத்தரிக்கோலும் கலர்த் தாளும் எடுத்துப் பூக்களை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார், ஏறக்குறைய ஆயிரம் பூ, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது, "அவளுக்கு வீட்டில் வேலைக்காரி இருந்திருப்பாள்." ஆனால் மூன்றாவது வாரம் எங்கள் எல்லாரையும்விட நேர்த்தியான இறக்கை அவருடையதுதான்.

மூன்றாம் வகுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது, புயல் எச்சரிக்கை. தேதி மாற்றியதற்குக் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை, முந்தின நாள் மாலையே போன் செய்து சொல்லிவிட்டார்கள். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்றுதான் வளைப்பதும் அடுக்குவதும். முனையில் குண்டு வைத்த கம்பி ஒன்று கொடுத்தார்கள். வெட்டிய துண்டைக் கவிழ்த்துப் போட்டு, மெத்தென்ற ஃபோமில் வைத்து, பின்பக்கத்திலிருந்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால் முன்பக்கம் குமிழ்ந்து வரும். டோடோவின் வயிறு அப்படி உப்பி வருவதைப் பார்க்கப் பூரி எழும்புவது மாதிரியே இருந்தது. மகள் கொஞ்சம் அதிகமாகவே உப்ப வைத்துவிட்டாள். பழைய ஓவியங்களில் டோடோ இப்படித்தான் குண்டாக இருக்கும், உண்மையில் அவ்வளவு குண்டு இல்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள் என்றேன். "இது சாப்பிட்ட டோடோப்பா" என்று பதில் வந்தது.

ஒட்டுவதற்குப் பெட்டியில் இருந்தது இரண்டு பக்கமும் பசை உள்ள சதுர ஃபோம் துண்டுகள். தடிமன் எல்லாம் ஒரே அளவு. அதை வைத்து அடுக்கினால் ஒவ்வொரு தாளும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று சமமாக, ஹவுசிங் போர்டு மாடி மாதிரி நிற்கும். உயரம் இருக்கும், உருவம் வராது. மிஸ் அதைப் பிரிக்கவே விடவில்லை. சிலிக்கோன் பசையைப் பல்குத்தும் குச்சியில் தொட்டு, சின்னச் சின்னப் பொட்டாக வைத்து, துண்டை இடுக்கியால் பிடித்து மேலே மிதக்க விட வேண்டும். அழுத்தவே கூடாது. இறக்கையின் தோள் பக்கம் பொட்டுச் சின்னது, நுனிப் பக்கம் பெரியது, அப்போது தோள் உடம்பில் ஒட்டியிருக்கும், நுனி விலகித் தூக்கி நிற்கும். மேஜை மட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யலாம், இறுகுவதற்குள் பத்து நிமிஷம் நேரம் தரும். வெள்ளைப் பசையைப் போட்டால் தாளில் ஈரம் ஏறித் தொய்ந்துவிடும், தூக்கி நிறுத்தவும் அதற்குத் தெம்பு இல்லை. சிலிக்கோன் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், ஆகவே தாளுக்கு எதிரியான க்யூர்பிப் மழை இதற்கு மட்டும் சொந்தக்காரன். முழுசாக இறுக ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

கடையில் இந்தச் சிலிக்கோன் சின்ன ட்யூப் 320 ரூபாய். ஹார்டுவேர் கடையில் துப்பாக்கியில் போட்டு அமுக்கும் பெரிய ட்யூப்பே அதைவிட மலிவு, ஒரு வருஷத்துக்கு வரும். நிறமில்லாததாக, வினிகர் வாடை அடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் பாத்ரூமுக்கு வாங்கி மிச்சம் இருந்ததை எடுத்து வேலை செய்தேன். வீடு முழுக்க ஊறுகாய் கெட்டுப்போன வாடை, மனைவி ஃப்ரிட்ஜைக் காலி செய்து தேடிவிட்டு, கடைசியில் டோடோவை முகர்ந்து பார்த்தார்.

இன்னொரு செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஃப்ரேம். முடிந்த டோடோ இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது, சாதாரண ஃப்ரேமில் கண்ணாடி அலகை நசுக்கிவிடும். ஆழமான பெட்டி ஃப்ரேம் வேண்டும். ரோஸ் ஹில்லில் செய்து வாங்கினேன், 950 ரூபாய். ஆக ஒரு ஆளுக்கு ஒரு டோடோ, கெட்டுப்போன தாள் கணக்கையும் சேர்த்து, 5,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதைக் கேட்டு மனைவி உயிருள்ள டோடோவையே வாங்கியிருக்கலாமே என்றார்.

மாட்டுகிற இடத்திலும் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். ஹாலில் ஜன்னலுக்கு நேர் எதிரே ஆணி அடித்து வைத்திருந்தேன். மிஸ் கேட்டுவிட்டு அய்யோ சொன்னார். மகள் மீதிக் கலரைச் சாதாரண டை மையில்தான் தொட்டிருந்தாள், வெயில் பட்டால் அது வெளுத்துவிடும். போர்ட் லூயி துறைமுகக் கரையில், கோடானில் உள்ள புளூ பென்னி மியூசியத்துக்குப் போனதில்லையா நீங்கள் என்று கேட்டார். முதலில் சொன்னேனே, அந்த 1847 தபால்தலைகள், அவற்றை 1993ல் இங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து ஏலத்தில் எடுத்துத் தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்தன. அங்கேகூட அசல் தபால்தலை மேல் எப்போதும் விளக்கு எரியாது. குறிப்பிட்ட நேரத்தில் கொஞ்ச நிமிஷம் மட்டும் வெளிச்சம் போடுவார்கள், மற்ற நேரம் நகலைத்தான் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டாம்புக்கு உள்ள மரியாதை இன்னொரு ஸ்டாம்புக்கும் உண்டு என்று டோடோவை உள் நடைக்கு மாற்றிவிட்டோம்.

போகலாமா என்று கேட்டால், வகுப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். பதினொரு வயது மகளுக்கும் வந்தது, எழுபது வயது அம்மாவுக்கும் வந்தது. பத்து வயதுக்குக் கீழே என்றால் கட்டரை நினைத்து யோசியுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கிரியோலோ பிரெஞ்சோ தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது, இல்லையென்றாலும் மிஸ்ஸின் கையைப் பார்த்தே பாதி கற்றுவிடலாம். பெட்டி வேண்டாம் என்று பில் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டாம்பை மட்டும் தனியாகக் கேட்டால் 600 ரூபாய்க்குத் தருகிறார்கள், நான் மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். கத்தரிக்கோல் சொந்தமாகக் கொண்டு போங்கள், அங்கே இருப்பவை மொட்டை.

ஊருக்கு லீவில் போனபோது தம்பியிடம் சொல்லிப் பிரஸ்ஸிலிருந்து முருகன் காலண்டர் ஷீட் எட்டு வாங்கி வந்தேன். வேஸ்ட் இல்லை, நல்ல ஷீட், மூக்கு ஒன்றுதான். ஸ்டாம்ப் இல்லை என்றாலும் வேலை அதேதானே. மிஸ்ஸிடம் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அப்புறம் கத்தியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாமி படத்தை எப்படி வெட்டுவது? எனக்கும் அதே தயக்கம்தான். கடைசியில் மகள்தான் சொன்னாள், அடித்தாளை வெட்டவே மாட்டோமே, அதில் முருகன் முழுசாக இருப்பாரே என்று. மிஸ்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது மேல் அடுக்கு வேலா முகமா என்பதில் அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டுக் கேட்டேன். "எது மேல வந்தா என்ன, முகத்துல கத்தி படாம வெட்டுடா" என்றார். மயிலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.